இரண்டாவது வக்காலத்து: விவாகரத்துக்கு வக்கீல் தேடிய ஒருவரின் நிகழ்வு ஆய்வு

இதில் வரும் பெண் எனக்கு 2023 ஜூனில் அறிமுகமானார். நான் வழக்கறிஞர் அல்ல. குடும்பப் பிரச்சினையோடு திருச்சி நீதிமன்றத்துக்கு அலைகிற பெண்களுக்குக் காகிதங்களை அடுக்கிக் கொடுப்பது, தேதிகளை எழுதி வைப்பது, கூடப் போய் உட்காருவது, இவ்வளவுதான் நான் செய்வது. அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்ட வக்கீல்கள் யாரையும் பெயர் சொல்லப் போவதில்லை.

பின்னணி

அவர் தனியார் பள்ளி ஆசிரியை. 2013இல் திருச்சியில் கல்யாணம், அப்புறம் சென்னையில் குடித்தனம். கணவருக்கு அங்கே தனியார் நிறுவனத்தில் வேலை. 2015இல் ஒரு மகள். அடி உதை, வரதட்சணை என்று எதுவும் இல்லை. பேச்சு நின்றுபோன வீடு. மாமியார் வீட்டுச் சச்சரவு, சம்பளத்தை மொத்தமாகக் கையில் கொடுக்கச் சொன்னது, மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதது, இவைதான் அவர் சொன்ன காரணங்கள். 2021 மே மாதம் மகளை அழைத்துக்கொண்டு திருச்சியில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். நகையில் பெரும்பகுதி சென்னை வங்கி லாக்கரில், கணவர் பெயரில் இருந்தது.

விவாகரத்து வேண்டும் என்று அவர் முடிவெடுத்தது அந்த ஆண்டு நவம்பரில். அவருக்கு உண்மையில் தேவைப்பட்டவை மூன்று: மகள் தன்னோடு இருக்க வேண்டும், நகை திரும்ப வர வேண்டும், பள்ளிச் செலவுக்கு மாதாமாதம் ஏதாவது வர வேண்டும். இதை அவர் எனக்குச் சொன்னது 2023இல். 2021இல் இதை அவரிடம் யாரும் கேட்கவில்லை.

முதல் வக்கீல்

தாய்மாமனுக்கு ஒரு நில வழக்கு நடந்துகொண்டிருந்தது. “நம்ம வக்கீல் இருக்கார், தங்கமான மனுஷன், அவர்கிட்டயே கொடுத்துடலாம்” என்று மாமா சொன்னார். அதோடு வக்கீல் தேடல் முடிந்தது. நம் ஊரில் பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் வக்கீல் பிடிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு, எண்ணிப் பார்த்ததில்லை.

முதல் சந்திப்பு கால் மணி நேரம். பேசியதில் பாதி மாமாவின் நிலத்தைப் பற்றி. 75,000 ரூபாய் ஆகும், இப்போது 30,000 கொடுங்கள் என்றார் வக்கீல். ரொக்கமாகக் கொடுத்தார்கள். ரசீது கேட்கவில்லை, மாமாவுக்குத் தெரிந்தவரிடம் எப்படிக் கேட்பது? வக்காலத்திலும், அதாவது தனக்காக ஆஜராக வக்கீலுக்கு அதிகாரம் தரும் பத்திரத்திலும், நான்கைந்து வெற்றுத் தாள்களிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கல்யாண ஆல்பம், நகைக்கடை பில்கள், மகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அசலாகவே அவர் கைக்குப் போயின.

2022 ஜனவரியில் இந்து திருமணச் சட்டம் 13ஆம் பிரிவின்கீழ், கொடுமை என்ற காரணத்தைக் காட்டி மனு தாக்கலானது. மனைவி மனுதாரராக இருந்தால் அவர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்ற வசதி 2003 திருத்தத்துக்குப் பிறகு உண்டு. அதனால் திருச்சி குடும்ப நல நீதிமன்றத்தில் போட்டது சரிதான். மனு ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழிலேயே போடலாம், ஆனால் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. ஜூனியர் ஒருவர் பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்ட, இவர் கையெழுத்துப் போட்டார். வகுப்புக்கு நேரமாகிவிட்டதால் படிக்கவில்லை. ஆங்கிலம் தெரியாதவர் அல்ல இவர், எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலப் பாடம் எடுப்பவர்.

அப்புறம் வாய்தா மேல் வாய்தா. கணவர் ஆஜராகி எதிருரை போட்டார். ஒவ்வொரு முறையும் குமாஸ்தா போன் செய்து 500, 1,000, ஒருமுறை 2,000 என்று கேட்டார். இவர் டைரியில் குறித்து வைத்திருந்ததைக் கூட்டினால் முன்பணத்தோடு சேர்த்து 48,000 வந்தது. 2022 இறுதியில் குமாஸ்தாவின் போன்களும் நின்றுபோயின. “கேஸ் நடந்துக்கிட்டுதான் இருக்கு, தேவைப்பட்டா கூப்பிடுறோம்” என்பதுதான் கடைசியாகக் கிடைத்த பதில்.

நான் பார்த்தபோது இருந்த நிலை

பள்ளியில் உடன் வேலை பார்ப்பவர் சொல்லி என்னிடம் வந்தார். “கேஸ் என்ன நிலைமைல இருக்குன்னு மட்டும் தெரிஞ்சா போதும்க்கா” என்றார். வழக்கு எண் தெரியாது. கையில் ஒரு தாளும் இல்லை. அவர் பெயரையும் ஆண்டையும் கொடுத்து ஈகோர்ட்ஸ் செயலியில் தேடினோம். இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. 2023 பிப்ரவரியில், மனுதாரர் தரப்பில் யாரும் ஆஜராகாததால் மனு தள்ளுபடி. நான்கு மாதமாக இல்லாத வழக்குக்காக இவர் காத்திருந்திருக்கிறார்.

அன்று அவர் அழவில்லை. “அப்ப நான் இன்னும் கல்யாணம் ஆனவதானா?” என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு மனுவையும் உத்தரவையும் வாங்கினோம். இவ்வாறு தள்ளுபடியான வழக்கை மீட்க 30 நாளுக்குள் மனு போட வேண்டும், அது எப்போதோ முடிந்துபோயிருந்தது. மேலும் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன.

முதலாவது, வழக்கு நடக்கும் காலத்துக்கான இடைக்கால ஜீவனாம்சம் கேட்டு, அதாவது அதே இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்கீழ், மனுவே போடப்படவில்லை. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்சத்தை விண்ணப்பித்த தேதியிலிருந்து கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. எவ்வளவு தாமதமாக விண்ணப்பித்தாலும் பரவாயில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. விண்ணப்பிக்காத ஒவ்வொரு மாதமும் போனது போனதுதான். 2022 ஜனவரியிலிருந்து கணக்குப் போட்டால், இந்த ஒரு மனு போடாததன் விலை அந்த வக்கீலுக்குக் கொடுத்த மொத்தப் பணத்தையும் தாண்டும்.

இரண்டாவது, மனுவில் எழுதியிருந்தது. மகளின் வயது தப்பு. அது போகட்டும். “எதிர்மனுதாரர் தினமும் குடித்துவிட்டு வந்து மனுதாரரை அடிப்பார்” என்று ஒரு பத்தி இருந்தது. கணவர் குடிப்பவரே அல்ல. வேறு யாருடைய மனுவிலிருந்தோ எடுத்து ஒட்டிய பத்தி அது. ஜூனியரின் கணினியில் ‘கொடுமை’ என்றால் ஒரே மாதிரிதான் இருந்திருக்கிறது. இவர் அதை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முதல் தடவையாகப் படித்தார். இந்தப் பத்தி பிறகு எவ்வளவு தொல்லை கொடுக்கப் போகிறது என்று அன்று எங்களுக்குத் தெரியாது.

மாற்றுவதா, வேண்டாமா

இங்கே என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதலில் நான், வக்கீலை மாற்ற வேண்டாம், போய்ப் பேசி அவரையே மீட்பு மனு போட வைக்கலாம் என்றுதான் சொன்னேன். புது வக்கீல் என்றால் புதுப் பணம், பழையவரிடம் வழக்குக் கட்டு வாங்குவது பெரும்பாடு, மாமாவோடு மனஸ்தாபம் வேறு. எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் தள்ளுபடிக்குக் காரணம் வக்கீல் வராதது. தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனுவில் அதைத்தான் காரணமாகச் சொல்ல வேண்டும். தான் வராததைத் தானே பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுப்பாரா அவர்? “மனுதாரருக்கு உடம்பு சரியில்லை” என்று எழுதத்தான் சொல்வார். நான் சொன்னதைக் கேட்டு இவர் போய்ப் பார்த்தபோது அப்படியேதான் நடந்தது. மஞ்சள் காமாலை என்று போட்டுவிடலாம், சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம் என்றாராம். இவர் எழுந்து வந்துவிட்டார். என் யோசனையால் ஒரு மாதம் வீணானது.

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் அழைத்துப் போனேன். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, ஆசிரியை என்றாலும் உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். அரை மணி நேரம் பொறுமையாக ஆலோசனை சொன்னார்கள். 2013 முதல் நடந்தவற்றைத் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதச் சொன்னது அங்கேதான். ஆனால் இலவச வக்கீலை இவர் ஏற்கவில்லை. “காசு கொடுத்தே இந்தக் கதி, காசில்லாம எப்படிக்கா?” என்றார். ஆணைக்குழுவின் இலவச வக்கீல் பட்டியலிலும் நன்றாக வாதாடுபவர்கள் உண்டு என்று சொன்னேன். எடுபடவில்லை.

மூன்று பேரைப் பார்த்தது

இந்த முறை ஒருவரிடம் போய் முடித்துக்கொள்வதில்லை, மூன்று பேரைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். ஒரே தேதித் தாள், ஒரே நகல் கட்டு, ஒரே கேள்விகள்.

முதலில் பார்த்தவருக்குப் பெரிய அலுவலகம், ஏ.சி., ஐந்து ஜூனியர்கள். தாளைப் பார்க்கவில்லை. “மகளிர் காவல் நிலையத்துல 498ஏ கொடுத்துடலாம். மாமியார், நாத்தனார், எல்லாரையும் சேர்த்துப் போடுவோம். ஆறே மாசத்துல அவனே காலடில வந்து விழுவான்” என்றார். 498ஏ என்பது மனைவியைக் கொடுமைப்படுத்தும் கணவர், அவர் வீட்டார் மீதான குற்றப் பிரிவு. வரதட்சணை கேட்கவில்லையே என்று இவர் இழுத்தார். அதை அவர் பார்த்துக்கொள்வாராம். கட்டணம் எவ்வளவு என்று கேட்டதற்கு, முன்பணம் குறைவுதான், வருகிற தொகையில் பதினைந்து சதவீதம் என்றார். கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் வெளிப்படையாகத் தடை செய்கின்றன. பேசுவோர் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வெளியே வந்ததும் இவர் சொன்னது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இவரையே வெச்சுக்கலாம்க்கா, தைரியமாப் பேசுறார்.” இரண்டு வருடம் யாரும் பதில் சொல்லாமல் கிடந்த ஒருவருக்கு உறுதியான குரலே பெரிய ஆறுதல் என்பது அப்போதுதான் புரிந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. இன்னும் இரண்டு பேரைப் பார்த்துவிட்டு முடிவெடு என்றேன்.

இரண்டாமவர் இளம் பெண் வக்கீல். குடும்ப வழக்குகள்தான் அதிகம் நடத்துபவர். தேதித் தாளை முழுக்கப் படித்தார். கணவர் பெயரைப் பார்த்ததும் நிறுத்தினார். அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவர் சில மாதங்களுக்கு முன் இதே விஷயமாகத் தன்னிடம் ஆலோசனை கேட்டதாகவும், அதனால் இதை எடுக்கக் கூடாது என்றும் சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார். பணம் எதுவும் வாங்கவில்லை. என்ன கேட்டார்கள் என்று இவர் ஆவலோடு கேட்க, “அதைச் சொன்னா நாளைக்கு நீங்க சொன்னதையும் நான் வெளியே சொல்லுவேன்னு ஆயிடும்மா” என்றார். அவரை வைத்துக்கொள்ள முடியாமல் போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

மூன்றாமவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை, கட்டுகள் கூரை வரை. முதல் கேள்வி, “பொண்ணு எந்தப் பள்ளிக்கூடம்? அப்பாவோட பேசுதா?” நாற்பது நிமிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். லாக்கர் யார் பெயரில், சம்பளம் எவ்வளவு, கணவருக்கு வேறு கல்யாணம் செய்துகொள்ளும் எண்ணம் உண்டா, சென்னையில் இருந்தபோது யாரிடமாவது எழுத்தில் புகார் சொன்னதுண்டா. கடைசியில், “டீச்சர், கொடுமைன்னு நிரூபிக்க உங்ககிட்ட ரொம்ப இல்ல. முழுசா விசாரணைக்குப் போனா வருஷக்கணக்காகும், தோத்தும் போகலாம். பேசி முடிக்கறதுக்கு வழி இருக்கு. ஆனா அவரைப் பேச வைக்க முதல்ல கேஸ் உயிரோட இருக்கணும்” என்றார்.

இவருக்கு அவரைப் பிடிக்கவில்லை. “நம்ம பக்கமே பேச மாட்டேங்கிறார்.”

நான் இரண்டு வேலை செய்தேன். ஈகோர்ட்ஸில் வக்கீல் பெயரைப் போட்டோ பதிவு எண்ணைப் போட்டோ வழக்குகளைத் தேடலாம். மூன்றாமவரின் பெயரில் குடும்ப நல நீதிமன்ற வழக்குகள் நிறைய இருந்தன, முடிந்தவையும் கணிசம். முதலாமவருடையவை பெரும்பாலும் காசோலை வழக்குகளும் ஜாமீன் மனுக்களும். இந்தத் தேடலை வைத்து யார் நல்லவர் என்று சொல்லிவிட முடியாது. என்ன வேலை அதிகம் செய்கிறார் என்பது மட்டும் தெரியும். இன்னொன்று, இரண்டு நாள் காலை பத்தரை மணிக்குக் குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் போய் உட்கார்ந்தோம். உள்ளே நடப்பது தனி விசாரணையாக இருக்கலாம், ஆனால் வழக்கைக் கூப்பிடும்போது யார் எழுந்து ஓடுகிறார்கள் என்று வெளியிலிருந்தே தெரியும். மூன்றாமவர் இரண்டு நாளும் தானே வந்தார். கட்சிக்காரப் பெண்மணி ஒருவரிடம் அடுத்த வாய்தா தேதியைத் தன் கையால் எழுதிக் கொடுத்ததையும் இவர் பார்த்தார். முடிவெடுக்க வைத்தது அந்தத் துண்டுச் சீட்டுதான் என்று பின்னால் சொன்னார்.

ஒரு பக்க ஒப்பந்தம்

2023 ஆகஸ்டில் வக்காலத்து கொடுக்கும் முன் ஒரு பக்கம் எழுதினோம். வக்கீல் சிரித்தார், ஆனால் மறுக்கவில்லை. மொத்தம் 60,000. வக்காலத்து கொடுக்கும்போது 15,000, மீட்பு மனுவும் ஜீவனாம்ச மனுவும் தாக்கலானதும் 20,000, வழக்கு எப்படி முடிந்தாலும் முடியும்போது 25,000. “எப்படி முடிந்தாலும்” என்பதை அவர்தான் சேர்க்கச் சொன்னார். ஜெயித்தால் இவ்வளவு என்று எழுதினால் விதிக்கு விரோதமாகிவிடும் அல்லவா? தட்டச்சு, நகல், நோட்டீஸ் செலவு தனி, ரசீதுப்படி. பணம் எல்லாம் வங்கி வழியாக. அவர் வர முடியாத நாளில் எந்த ஜூனியர் வருவார் என்று பெயர். வாய்தா நாளில் மாலைக்குள் ஒரு வாட்ஸ்அப் செய்தி. எந்த மனுவும் தாக்கலாகும் முன் இவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத்தான் கையெழுத்து. அசல் ஆவணம் எதுவும் இவர் கையை விட்டுப் போகாது, நீதிமன்றம் கேட்டால் அன்று இவரே கொண்டுவருவார். மனுவில் இவருடைய கைபேசி எண்ணும் இருக்கும். பழைய மனுவில் வக்கீல் எண் மட்டும் இருந்தது.

பழைய கட்டு

முதல் வக்கீல், மீதிக் கட்டணம் கொடுத்தால்தான் கட்டும் வக்காலத்து மாற்றச் சம்மதமும் என்றார். கட்டணம் பாக்கி என்பதற்காக வக்கீல் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சம்மதம் கிடைக்காவிட்டாலும் நீதிமன்ற அனுமதியோடு வக்கீலை மாற்றலாம். வழக்குக் காகிதங்களின் நகல்கள் ஏற்கெனவே எங்களிடம் இருந்தன. மாட்டிக்கொண்டவை நகை பில்கள்தான்.

மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாமா என்று பேசினோம். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. நியாயம் என்று பார்த்தால் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் புகார் ஒரு பக்கம் நடக்கும், பில்கள் இன்னொரு பக்கம் காணாமல் போகும் என்பது இவர் பயம். புது வக்கீல் தொலைபேசியில் பேசி 10,000க்கு முடித்தார். மாமா போய் வாங்கி வந்தார். ஆல்பம் வந்தது, பிறப்புச் சான்றிதழ் வந்தது. நகை பில்களில் இரண்டு இல்லை. “அப்படி எதுவும் கொடுக்கலையே” என்றாராம். எதைக் கொடுத்தோம் என்று பட்டியல் இல்லாததால் பதில் பேச முடியவில்லை. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்று அப்போது ஒரு யோசனை இருந்தது. வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் அந்த வழியும் இப்போது கிடையாது.

எடுத்த வழியும் காரணமும்

2023 செப்டம்பரில் தள்ளுபடியை நீக்கக் கோரும் மனுவும், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் போடப்பட்டன. காமாலை இல்லை, உள்ளது உள்ளபடி. வக்கீல் வராததற்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்று 1981இல் ரஃபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில் சொல்லப்பட்டது இதற்குத் துணை. அது எல்லா நேரமும் செல்லும் என்று இல்லை, பின்னால் வந்த தீர்ப்புகள் கட்சிக்காரரும் விழிப்பாக இருக்க வேண்டும் என்கின்றன. குமாஸ்தாவுக்கு இவர் செய்த போன்கள், டைரிக் குறிப்பு எல்லாம் இணைக்கப்பட்டது அதனால்தான்.

நேராகப் பரஸ்பர சம்மதத்துக்குப் போகக் கூடாதா, பழையதை ஏன் தூசு தட்ட வேண்டும் என்று நான் கேட்டேன். பரஸ்பர சம்மதத்துக்கு இரண்டு பேர் வேண்டும். கணவர் தரப்பு, வழக்கு தள்ளுபடியானதால் நிம்மதியாக இருந்தது. அவர்களை நகர்த்த ஒன்று வேண்டும் என்றார் வக்கீல். மீட்பு மனுவைவிட அதிகம் நகர்த்தியது அக்டோபரில் மகளுக்காகப் போட்ட ஜீவனாம்ச மனு. அப்போது அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144. இந்த மனுக்களில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்பதும் ரஜ்னேஷ் தீர்ப்பில் வந்த ஏற்பாடு. இவர் தன்னுடையதை முதல் வாய்தாவிலேயே போட்டார். கணவர் இரண்டு வாய்தா தள்ளினார், மூன்றாவதில் அவருடைய வக்கீல் “பேசலாமே” என்று வந்தார். பேச்சு முடியும்வரை மாதம் 10,000 கொடுக்கவும் கணவர் ஒத்துக்கொண்டார்.

சமரச மையத்தில்

2024 ஜனவரியில் நீதிமன்ற வளாகத்துச் சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். நான் வெளியே பெஞ்சில். முதல் அமர்வு பணத்தைப் பற்றியே இல்லை. கணவர் பழைய மனுவை மேசைமேல் வைத்து அந்தப் பத்தியைக் காட்டியிருக்கிறார். “நான் குடிக்கிறவனா? நீயே சொல்லு. எங்க அம்மா இதைப் படிச்சுட்டு மூணு நாள் சாப்பிடல.” இவர் “அது வக்கீல் எழுதினது” என்று சொல்லப்போக, கணவர் அதில் இருந்த இவருடைய கையெழுத்தைக் காட்டினார். அன்று வேறு எதுவும் பேச முடியவில்லை.

அடுத்த அமர்வுக்கு முன் வக்கீல் இவரிடம், அந்தப் பத்தி தவறு, நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று முதலில் சொல்லிவிடுங்கள், அப்புறம் பணத்தைப் பேசலாம் என்றார். இவருக்கு அது எளிதாக இல்லை. தன்னைப் பேசவிடாமல் எட்டு வருடம் வைத்திருந்தவரிடம் தான் மன்னிப்புக் கேட்பதா என்று என்னிடம் கொதித்தார். ஆனால் சொன்னார். அதற்குப் பிறகு கணவர் லாக்கர் சாவியைப் பற்றித் தானாகவே பேச்செடுத்தார் என்று சமரசராக உட்கார்ந்தவர் எங்கள் வக்கீலிடம் சொல்லியிருக்கிறார். நான்கு அமர்வில், மார்ச் மாதம், ஒப்பந்தம் ஆனது.

முடிவு

மகள் அம்மாவிடம். இரண்டாம், நான்காம் சனிக்கிழமை அப்பா திருச்சிக்கு வந்து பார்க்கலாம், மே விடுமுறையில் பாதி அவரோடு. இவருக்கு ஒரே தொகையாக 14 லட்சம், மகள் பெயரில் 4 லட்சம் வைப்புத்தொகை, பள்ளிக் கட்டணத்தில் பாதி நேராகப் பள்ளிக்கு. “இனி குழந்தைக்காக எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன்” என்று ஒரு வரியை எதிர்தரப்பு போட்டிருந்தது. குழந்தையின் உரிமையை அம்மா விட்டுக்கொடுக்க முடியாது என்று சொல்லி வக்கீல் அதை அடித்தார். செலவு மிச்சம், இருவருக்கும் நானே ஆஜராகிறேன் என்று கணவரின் வக்கீல் சொன்னதையும் அவர் ஏற்கவில்லை. நகை 32 பவுன் என்று இவர் கணக்கு, லாக்கரிலிருந்து வந்தது 24. மீதி எட்டில் ஐந்து பவுனுக்கான பில்கள்தான் அந்தக் காணாமல் போன இரண்டும். அதற்கு மேல் இழுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

2024 ஏப்ரலில் இந்து திருமணச் சட்டத்தின் 13பி, அதாவது பரஸ்பர சம்மத விவாகரத்துப் பிரிவின்கீழ் கூட்டு மனு. வழக்கமாக முதல் கட்டத்துக்குப் பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஒன்றரை வருடத்துக்கு மேல் பிரிந்திருந்து, சேர்த்து வைக்கும் முயற்சி தோற்று, குழந்தை, பணம் எல்லாம் பேசி முடித்திருந்தால் அதைத் தளர்த்தலாம் என்று அமர்தீப் சிங் வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இவர்கள் பிரிந்து மூன்று வருடம் நெருங்கியிருந்தது. தளர்த்தக் கேட்ட மனு ஏற்கப்பட்டது. பணத்தில் பாதி முதல் கட்டத்தில், மீதி இரண்டாம் கட்டத்தில், நீதிபதி முன்னால் டிமாண்ட் டிராஃப்டாக. மீட்பு மனு திரும்பப் பெறப்பட்டது. ஜூனில் தீர்ப்பு. முதல் வக்கீலைப் பார்த்து இரண்டு வருடம் ஏழு மாதம், இரண்டாமவரைப் பார்த்துப் பத்து மாதம்.

இன்று செய்வதானால்

பிடித்த வக்கீலே ஆனாலும் கொடுத்த ஆவணங்களுக்குப் பட்டியல் எழுதி ஒரு கையெழுத்து வாங்கியிருப்போம், பட்டியலில் நகையின் எடையோடு. மனுவைப் படித்திருப்போம், அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஜீவனாம்ச மனுவை முதல் நாளே கேட்டிருப்போம். சி.என்.ஆர். எண்ணை, அதாவது ஈகோர்ட்ஸில் ஒரு வழக்கைத் தேட உதவும் அந்தப் பதினாறு எழுத்தை, தாக்கலான வாரமே வாங்கியிருப்போம். இப்போது என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான், தெரியாது என்றால் அங்கேயே உட்கார்ந்து தேடிவிடுகிறோம்.

ஒப்பந்தத்திலும் ஓட்டை இருந்தது. பண்டிகைகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. 2024 தீபாவளிக்கு மகள் யாரோடு என்று இரண்டு வீட்டுக்கும் நல்ல சண்டை. கடைசியில் காலை இங்கே, மறுநாள் அங்கே என்று வாட்ஸ்அப்பில் தீர்த்துக்கொண்டார்கள். அடுத்த முறை ஒப்பந்தம் எழுதும்போது நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வக்கீலே சொன்னார்.

இலவச வக்கீல் விஷயத்தில் எனக்கு இன்னும் தெளிவில்லை. அவர் மறுத்தது அவமானத்தால் என்று அப்போது நினைத்தேன். இப்போது பார்த்தால், ஒருமுறை ஏமாந்தவருக்குத் தானே தேர்ந்தெடுத்தவர் என்ற பிடிமானம் தேவைப்பட்டிருக்கிறது. ஆணைக்குழுவில் பட்டியலைக் காட்டுங்கள், இவரே ஒருவரைச் சொல்லட்டும் என்று கேட்டிருக்கலாம், கேட்கத் தோன்றவில்லை.

மாமா தன் நில வழக்கை இன்னும் அந்த முதல் வக்கீலிடம்தான் வைத்திருக்கிறார். அது ஒழுங்காக நடக்கிறதாம்.